கோபித்துக்கொள்ளவும் ஒரு கடவுள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டர்ஹம் என்றொரு நகரம். அங்குள்ள டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையிலும், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையிலும் உள்நோயாளிகளாகப் படுத்திருந்த 596 பேரிடம் 1990களின் நடுவில் ஓர் ஆய்வுக்குழு போய் உட்கார்ந்தது. எல்லோரும் 55 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். வலி எங்கே, தூக்கம் வருகிறதா, படியேற முடிகிறதா என்ற வழக்கமான கேள்விகளோடு அந்தக் குழு நிற்கவில்லை. கடவுள் உங்களைக் கைவிட்டுவிட்டாரோ என்று நினைத்தீர்களா? அவருக்கு உங்கள்மேல் அன்பு இருக்கிறதா என்ற சந்தேகம் வந்ததா? இந்த நோய் சாத்தானின் வேலை என்று தோன்றியதா? இப்படியும் கேட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அவர்களில் 176 பேர் உயிரோடு இல்லை. இறந்தவர்கள் யார், பிழைத்தவர்கள் யார் என்று பிரித்துப் பார்த்தார்கள். வயது, நோயின் கடுமை, மனச்சோர்வு எல்லாவற்றின் பங்கையும் கணக்கில் கழித்த பிறகும் ஒரு வித்தியாசம் மிச்சமிருந்தது. கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டதாக எண்ணியவர்களுக்கு இறப்பு அபாயம் ஏறத்தாழ 28 சதவீதம் கூடுதல். அவருடைய அன்பைச் சந்தேகித்தவர்களுக்கு 22 சதவீதம். சாத்தானின் வேலை என்று முடிவுகட்டியவர்களுக்கு 19 சதவீதம்.

ஆய்வுக்குத் தலைமை வகித்தவர் கென்னத் பார்கமென்ட். ஒஹையோ மாநிலத்தில் உள்ள பௌலிங் கிரீன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் உளவியல் பேராசிரியராக இருந்தவர். கட்டுரை 2001 ஆகஸ்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ்களில் ஒன்றில் வெளியானது. பக்தி உடம்புக்கு நல்லது என்று காட்ட ஆசைப்பட்டவர்களுக்கும், பக்தி வெறும் மயக்கம் என்று நிரூபிக்கத் துடித்தவர்களுக்கும் அந்தக் கட்டுரையில் ஏமாற்றம்தான். ஏனென்றால் அதில் இறப்பை நெருங்கியவர்கள் கடவுளை நம்பாதவர்கள் அல்லர். நம்பியவர்கள். நம்பிய கடவுள் தங்களைத் திரும்பிப் பார்க்கவில்லையே என்று உள்ளுக்குள் உடைந்தவர்கள்.

துன்பம் வரும்போது கடவுள் நம்பிக்கை மனிதனைத் தாங்குகிறதா, தள்ளிவிடுகிறதா? தத்துவவாதிகளும் சமயவாதிகளும் காலங்காலமாக மல்லுக்கட்டும் கேள்வி இது. உளவியல் என்ற துறை தலையெடுத்த நாளிலிருந்து அதற்கும் இந்தக் கேள்வி விட்டகுறை தொட்டகுறையாக இருந்துவந்திருக்கிறது. வில்லியம் ஜேம்ஸ் 1901, 1902 ஆண்டுகளில் எடின்பரோவில் ஆற்றிய சொற்பொழிவுகளில், கடவுள் அனுபவம் உண்டு என்று சொல்பவர்களின் வாக்குமூலங்களை ஒரு மருத்துவரின் பொறுமையோடு அடுக்கிக்காட்டினார். ஜேம்ஸும் இளமையில் கடும் மனச்சோர்வில் விழுந்து எழுந்தவர்தான். ஃப்ராய்டோ 1927இல், மதம் என்பது தந்தையின் நிழலைத் தேடும் குழந்தையின் ஏக்கம் என்று எழுதி முடித்தார். அதற்குப் பிறகு வந்த தலைமுறை உளவியலாளர்களில் பலர் ஃப்ராய்டின் பக்கமே நின்றார்கள். சிகிச்சை அறையில் நோயாளி கடவுளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் 'உண்மையான' பிரச்சினையைத் தேடுவது அவர்களுடைய பழக்கம்.

பார்கமென்ட் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் 1977இல் மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். நெருக்கடியில் மனிதர்கள் எதைப் பற்றிக்கொண்டு சமாளிக்கிறார்கள் என்று ஆராயப் புகுந்தபோது, பெரும்பாலோர் முதலில் கையெடுத்துக் கும்பிடுவதைப் பார்த்தார். பாடப்புத்தகங்களில் அதற்கு இடமே இல்லை. கண்முன்னே நடப்பதைப் படிக்காத படிப்பு என்ன படிப்பு என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அடுத்த நாற்பது ஆண்டுகளை அந்த ஒன்றுக்கே கொடுத்தார்.

1988இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு கட்டுரையைத் தமிழர்கள் படித்தால் பழக்கப்பட்ட வீட்டுக்குள் நுழைந்த உணர்வு வரும். சிக்கல் வரும்போது நம்பிக்கையாளர்கள் கடவுளோடு வேலையை எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று அதில் மூன்று வகை பிரித்திருந்தார்கள். கடவுள் மூளையைக் கொடுத்திருக்கிறார், நானே பார்த்துக்கொள்கிறேன் என்பவர் ஒரு வகை. எல்லாம் அவன் பார்த்துப்பான் என்று கைகட்டி உட்காருபவர் இன்னொரு வகை. நானும் அவரும் சேர்ந்து செய்கிறோம் என்பவர் மூன்றாவது.

இது ஸ்ரீவைஷ்ணவர்கள் பல நூற்றாண்டுகளாக விவாதித்த விஷயம். குட்டிக் குரங்கு தாயின் வயிற்றைத் தன் கையால் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும், தாய் தாவும். வடகலையார் சொல்லும் மர்க்கட நியாயம் இது. பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாயே வாயால் கவ்விக்கொண்டு போகும். தென்கலையாரின் மார்ஜார நியாயம் அது. வேதாந்த தேசிகரும் பிள்ளை லோகாசாரியரும் முக்திக்கான வழியாக வாதிட்ட ஒன்றை, ஒஹையோக்காரர் வினாத்தாளில் ஏற்றி, மனநலத்துக்கான வழியாக அளந்துபார்த்தார்.

அளந்ததில் கிடைத்தது என்ன? சேர்ந்து செய்பவர்களிடம் தன்னம்பிக்கையும் திறனும் கூடுதலாக இருந்தன. எல்லாவற்றையும் கடவுள் தலையில் போட்டுவிட்டு உட்கார்ந்தவர்களிடம் அவை குறைவு. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து வந்த இன்னோர் ஆய்வு, நெருக்கடி முற்றும்போது கணக்கு மாறுவதைக் காட்டியது. எல்லாம் என் கையில் என்று இருந்தவர்கள்தான், பாரம் தாங்க முடியாத அளவுக்கு ஏறியபோது மனச்சோர்வில் கூடுதலாக விழுந்தார்கள். கடவுளோடு கைகோத்து நடந்தவர்களை அந்தச் சோர்வு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை பூனைக்குட்டியாக இருந்தால் தேறாது. அறுவை சிகிச்சை மேசையில் மயக்க மருந்துக்காகக் காத்திருப்பவர் வேறு என்ன குட்டியாக இருக்க முடியும்? இரண்டு கலைகளும் இரண்டு வெவ்வேறு நேரத்துக்கான உண்மைகளைப் பிடித்துவைத்திருக்கின்றன என்றுதான் இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது நினைக்கத் தோன்றுகிறது.

1995 ஏப்ரலில் ஓக்லஹோமா நகரில் அரசுக் கட்டடம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டு 168 பேர் செத்தார்கள். குழந்தைகள் காப்பகம் ஒன்றும் அந்தக் கட்டடத்தில் இருந்தது. அந்நகரத்துத் தேவாலயங்களின் உறுப்பினர்கள், கல்லூரி மாணவர்கள், மருத்துவமனை முதியவர்கள் என்று வெவ்வேறு கூட்டத்தாரிடம் விசாரித்து, 1998இல் பார்கமென்ட் குழு ஒரு சிறிய அளவுகோலை உருவாக்கியது. 14 வாக்கியங்கள். அவற்றில் ஏழு, கடவுளிடம் ஒட்டிக்கொள்வதைப் பற்றியவை. மற்ற ஏழு, அவரோடு உறவு கசந்துபோவதைப் பற்றியவை. இன்று உலகின் பல மொழிகளில் பயன்படும் அளவுகோல் அது. அதையும் அதுபோன்ற பிறவற்றையும் கொண்டு நடந்த 49 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2005இல் வேறு இருவர் கணக்கிட்டார்கள். ஒட்டிக்கொண்டவர்கள் துயரத்திலிருந்து மீள்வது ஓரளவு எளிதாக இருந்தது. உறவு கசந்தவர்களிடம் பதற்றமும் சோர்வும் மிகுந்திருந்தன.

கசந்த உறவு என்றால் என்ன என்று தமிழனுக்கு விளக்க வேண்டியதில்லை. எந்த மருத்துவமனை வராந்தாவிலும் காதில் விழும். "கும்பிடாத சாமி இல்ல, போகாத கோயில் இல்ல." "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணினேனோ." "அவனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" இந்த மூன்றும் ஒரே மாதிரியான அழுகை போலத் தெரியும். ஆனால் வேறு வேறு. முதலாவது ஏமாற்றம். இரண்டாவது, தண்டிக்கப்படுகிறேன் என்ற குற்றவுணர்வு. மூன்றாவது, சரியான கோபம். பார்கமென்டும் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தின் ஜூலி எக்ஸ்லைனும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட விரிவான அளவுகோலில் இப்படி ஆறு வகைப் போராட்டங்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கடவுளோடு சண்டை, தீய சக்தியின் பயம், மதக்காரர்களோடு மனஸ்தாபம், தன் ஒழுக்கத்தைப் பற்றிய குற்றவுணர்வு, நம்பிக்கையில் ஐயம், வாழ்வதற்கே அர்த்தம் இல்லையோ என்ற வெறுமை.

டர்ஹம் நோயாளிகள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். அந்த எண்களை அப்படியே மதுரைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ இறக்குமதி செய்துவிட முடியாது. இந்துக்களுக்குக் கர்மம் இருக்கிறது, மறுபிறவி இருக்கிறது, ஒரு தெய்வத்தோடு மனத்தாங்கல் என்றால் போக இன்னொரு தெய்வம் இருக்கிறது. இதை பார்கமென்டும் உணர்ந்திருந்தார். நளினி தாரகேஷ்வர் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து அமெரிக்காவில் வாழும் இந்துக்களுக்கென்று தனியாக ஓர் அளவுகோலை 2003இல் வெளியிட்டார்கள். அதிலும் பழைய கோடு மறையவில்லை. கடவுளை நோக்கியும் ஆன்மிகத்தை நோக்கியும் திரும்பியவர்கள் ஒரு பக்கம். குற்றவுணர்வு, கோபம், எல்லாம் விதி என்று முடங்கிக்கிடப்பது இவை மறுபக்கம், மனநலம் குன்றியதோடு சேர்ந்து நின்றன.

கர்மக் கொள்கையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சொந்த வாழ்க்கையை ஒழுங்குபடுத்திக்கொள்ள ஒருவர் அதைக் கையில் எடுத்தால் அது அறம். அடுத்தவரின் படுக்கைப் பக்கத்தில் நின்று, உன் பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் வந்தது உன் முன்வினை என்று சொன்னால் அது கொடுமை. கொள்கை ஒன்றுதான். சொல்லும் இடமும் சொல்லும் வாயும் அதைத் தலைகீழாக்கிவிடுகின்றன.

பார்கமென்டின் கட்டுரை அச்சேறிய அதே 2001 ஆகஸ்டில், 6ஆம் தேதி அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கீற்றுக்கொட்டகை எரிந்தது. தர்காவுக்கு வரும் மனநோயாளிகளைக் காசுக்கு வைத்துப் பார்த்துக்கொள்ளும் தனியார் காப்பகம் அது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். தப்பி ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். நாடே அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. கோயில், தர்கா என்று நோயாளிகளைக் கொண்டுபோய்விடுவதே மூடத்தனம், எல்லாவற்றையும் இழுத்து மூட வேண்டும் என்ற குரல் எழுந்தது. அன்றைக்கு அப்படித் தோன்றியதில் தப்பே இல்லை.

சரியாக ஓராண்டு கூட ஆகாத நிலையில், 2002 ஜூலையில், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. எழுதியவர் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர் ஆர். ரகுராம், உடன் சிலர். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற கிராமத்தில் முத்துசாமி கோயில் என்று ஒன்று. மனநலம் குன்றியவர்களைக் குடும்பத்தார் அங்கே அழைத்துவந்து தங்கவைப்பார்கள். கட்டணம் கிடையாது. பேயோட்டம் கிடையாது. அடி, உதை, சங்கிலி ஒன்றும் கிடையாது. தினமும் காலையில் பூசையில் கலந்துகொள்வார்கள். பிறகு கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்னச் சின்ன வேலைகள். கூடவே வீட்டு மனிதர் ஒருவர் இருப்பார். மூன்று மாத காலத்தில் அங்கு வந்து தங்கிய 31 பேரை ரகுராம் குழு சோதித்தது. பெரும்பாலோருக்கு மனச்சிதைவு நோய். வந்தபோது ஒருமுறையும் கிளம்பும்போது ஒருமுறையும் நோய்க்குறிகளை அளந்தார்கள். சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. மாத்திரை எதுவும் இல்லாமல்.

31 பேர் என்பது சின்ன எண். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. இதை வைத்து மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று எவராவது கிளம்பினால் அது ஆபத்து. மனச்சிதைவுக்கு மருந்து வேண்டும், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆய்வாளர்களே முன்னேற்றத்துக்குக் காரணமாகச் சுட்டியது அந்த இடத்தின் அரவணைப்பைத்தான். பயமுறுத்தாத ஒரு சூழல், துரத்தாத மனிதர்கள், தினமும் எழுந்து செய்ய ஒரு வேலை. ஏர்வாடிக் கொட்டகையிலும் முத்துசாமி கோயிலிலும் நம்பிக்கை என்ற பெயர்ப்பலகை ஒன்றுதான். ஓரிடத்தில் நோயாளி, சங்கிலியில் கட்டிவைக்க வேண்டிய ஒரு தீமை. இன்னோரிடத்தில் சாமி வீட்டுக்கு வந்த ஒரு விருந்தாளி.

நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று கேட்பதை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் கடவுள் எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள் என்பதுதான் பார்கமென்ட் ஆராய்ச்சியின் சாரம். தண்டிக்கக் காத்திருக்கும் அதிகாரியா, கூட நடக்கும் தோழனா? இதற்கான பதில் வினாத்தாளில் மட்டும் இருப்பதில்லை. சுற்றியிருக்கும் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது. குழந்தைக்குச் சாமி முதலில் அறிமுகமாவதே 'கண்ணைக் குத்தும்' என்ற மிரட்டலோடு என்றால், ஐம்பது வயதில் புற்றுநோய் வரும்போது அந்தச் சாமி விரலை நீட்டிக்கொண்டுதானே வரும்?

அப்படியானால், கடவுளோடு கோபித்துக்கொள்வது ஒரு வியாதியா? 28 சதவீதக் கணக்கைப் படித்தவர்கள் பலரும் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். கோபப்படாதே, சந்தேகப்படாதே, செத்துப்போவாய். இதைவிட மோசமான வாசிப்பு இருக்க முடியாது. நோயாளிமீது இன்னொரு பயத்தை ஏற்றுவதாகிவிடும். டர்ஹம் நோயாளிகளில் பிழைத்திருந்த 268 பேரை மறுபடி சந்தித்து எழுதிய 2004ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதற்கு ஒரு வெளிச்சம் கிடைக்கிறது. ஒருசமயம் போராடி அதிலிருந்து வெளியே வந்தவர்களைவிட, முதல் சந்திப்பிலும் இரண்டாவது சந்திப்பிலும் அதே போராட்டத்தில் சிக்கிக்கிடந்தவர்கள்தான் அதிகம் நலிந்துபோயிருந்தார்கள். ஆபத்து கோபத்தில் இருப்பதைவிட, அந்தக் கோபம் போக வழியில்லாமல் உள்ளேயே உறைந்துபோவதில் இருக்கிறது.

வழி ஏன் அடைபடுகிறது? எக்ஸ்லைனும் அவருடைய சக ஆய்வாளரும் 2011இல் ஒரு காரியம் செய்தார்கள். கடவுள்மேல் தங்களுக்குள்ள கோபத்தை யாரிடமாவது சொன்னீர்களா, சொன்னபோது அவர்கள் என்ன செய்தார்கள் என்று வயதுவந்தவர்களிடம் விசாரித்தார்கள். கேட்டவர் ஆதரவாக நடந்துகொண்டிருந்தால், சொன்னவருக்குக் கடவுளோடு உறவு திரும்பவும் நெருக்கமாகியிருந்தது. கேட்டவர் முகம் சுளித்திருந்தால், வெட்கப்படவைத்திருந்தால், கோபம் அப்படியே தங்கியது. வெளியே காட்டாமல் அமுக்கினார்கள். குடியையும் போதையையும் நாடுவதும் அவர்களிடம் அதிகமாகக் காணப்பட்டது.

இதைப் படிக்கும்போது பைபிளில் வரும் யோபுவின் நினைவு வராமல் இராது. பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு பேச ஆரம்பிக்கிறார்கள். அங்கேதான் எல்லாம் கெடுகிறது. நீ ஏதாவது பாவம் செய்திருப்பாய், கடவுள் காரணமில்லாமல் தண்டிப்பாரா என்று வரிசையாக உபதேசம். யோபுவோ ஒப்புக்கொள்ளவில்லை, கடவுளையே வழக்குக்கு இழுக்கிறார். கதையின் முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது தன்னைக் கேள்வி கேட்ட யோபுவிடம் இல்லை, தன் சார்பாக வக்காலத்து வாங்கிய நண்பர்களிடம். பைபிளைத் தொகுத்தவர்கள் இந்த நூலை அதில் சேர்த்தது சாதாரணக் காரியமா?

தமிழ்ப் பக்தி மரபு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சுந்தரர் சிவனுக்குத் தோழர். மனைவி சங்கிலியாரைப் பிரியேன் என்று திருவொற்றியூரில் செய்த சத்தியத்தை மீறியதால் இரு கண்களும் பறிபோகின்றன. சேக்கிழார் சொல்லும் கதைப்படி, அந்த மனிதர் ஒதுங்கி மூலையில் உட்காரவில்லை. திருவெண்பாக்கத்தில் கேட்டார், ஊன்றுகோல் ஒன்று கிடைத்தது. காஞ்சியில் கேட்டார், இடக்கண் கிடைத்தது. திருவாரூரில் கேட்டார், வலக்கண் கிடைத்தது. கேட்டார் என்றால் கெஞ்சியது மட்டும் இல்லை. உரிமையோடு கடிந்துகொண்டது, குத்திக்காட்டியது, இப்படிச் செய்தால் உமக்குத்தான் பழி என்று வாதாடியது எல்லாம் அதில் அடக்கம். அந்தப் பாடல்கள் தேவாரத்தில் இருக்கின்றன, கோயில்களில் ஓதுவார்கள் இன்றும் பாடுகிறார்கள். கடவுளைத் திட்டியதைக் கடவுள் முன்னாலேயே பண்ணோடு பாடும் ஏற்பாட்டை ஒரு மரபு செய்துவைத்திருக்கிறது. எக்ஸ்லைன் விசாரித்தவர்களில் பலருக்குக் கிடைக்காதது இதுதான். கோபத்துக்கு ஓர் இடம், ஒரு மொழி, கேட்க ஒரு கூட்டம்.

எல்லோருக்கும் கண் திரும்பக் கிடைப்பதில்லை. அன்னை தெரசா தன் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள், அவர் மறைந்து பத்து ஆண்டுகளுக்குப் பின் 2007இல் புத்தகமாக வந்தபோது உலகம் திகைத்தது. கல்கத்தாச் சேரிகளில் வேலையைத் தொடங்கிய காலத்திலிருந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், கடவுள் தன்னோடு இல்லை என்ற இருட்டில் அவர் வாழ்ந்திருக்கிறார். பார்கமென்டின் வினாத்தாளைக் கொடுத்திருந்தால் கசப்பான ஏழு வாக்கியங்களில் பலவற்றுக்கு ஆம் என்று எழுதியிருப்பாரோ என்னவோ. ஆனாலும் காலையில் எழுந்து சாகக்கிடப்பவர்களைக் கழுவித் துடைக்கப் போனார். 1960களின் தொடக்கத்தில் ஜோசப் நாய்னர் என்ற ஏசு சபைக் குரு அந்த இருட்டையே அவருடைய பணியின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்ள உதவினார் என்பதையும் கடிதங்கள் காட்டுகின்றன. வெளிச்சம் வந்துவிடவில்லை. ஆனால் இருட்டைப் பற்றிச் சொல்ல ஒரு காது இருந்தது.

கடவுள் உண்டா இல்லையா என்பதை உளவியலால் சொல்ல முடியாது. அது தன் வேலையில்லை என்பதில் பார்கமென்ட் தெளிவாக இருக்கிறார். அதே சமயம், மதத்தை வேறெதற்கோ உதவும் கருவியாக மட்டும் பார்க்கும் போக்கையும் அவர் ஏற்பதில்லை. பயத்தைப் போக்கிக்கொள்ள, கூட்டம் சேர்த்துக்கொள்ள, ரத்தக்கொதிப்பைக் குறைத்துக்கொள்ள மனிதன் கோயிலுக்குப் போகிறான் என்று மட்டும் சொன்னால் விஷயத்தின் உயிரே போய்விடுகிறது. புனிதமான ஒன்றைத் தேடுவதே மனிதனுக்கு ஒரு பசி, அந்தப் பசியை அதுவாகவே மதித்துப் படிக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. இந்த இடத்தில் அவர் ஃப்ராய்டிடமிருந்து முற்றிலும் விலகி ஜேம்ஸுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார். அங்கே நிற்பதுதான் சரி. தியானம் செய்தால் இவ்வளவு நன்மை, பிரார்த்தனைக்கு இவ்வளவு பலன் என்று பட்டியல் போடும் நம் காலத்து ஆன்மிக வியாபாரம், கடவுளை ஒரு மல்டி-வைட்டமின் மாத்திரையாக்கிவிட்டது. பலன் கிடைக்காதபோது ஏமாற்றமும் அதே வேகத்தில் வரும்.

இந்த ஆராய்ச்சியால் நடைமுறையில் என்ன மாறியிருக்கிறது? அமெரிக்க உளவியல் சங்கம் 2013இல் மதமும் ஆன்மிகமும் பற்றிய இரண்டு தொகுதிக் கையேட்டை வெளியிட்டது. அதன் தலைமைத் தொகுப்பாசிரியர் பார்கமென்ட். அந்நாட்டுப் பெரிய மருத்துவமனைகளில் மதம் சார்ந்த துணைக்கென்று ஆலோசகர்கள் இருக்கிறார்கள். தமிழகத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அப்படியொரு துறை உண்டு. திருச்சி அருகே குணசீலம் பெருமாள் கோயிலில் மண்டலக் கணக்கில் தங்கும் நோயாளிகளுக்கு மறுவாழ்வு மையமும் மனநல மருத்துவரின் கவனிப்பும் இருக்கின்றன. ஏர்வாடியிலேயே, தர்காவுக்கு வருபவர்களுக்குத் துவா என்ற பிரார்த்தனையும் உண்டு, மருந்தும் உண்டு என்று அரசு மனநலச் சிகிச்சை நடக்கிறது. 28 உயிர்கள் போன ஊரில் இது நடப்பது சின்ன ஆறுதல் இல்லை.

ஆனால் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் புறநோயாளிகள் வரிசையில், ஓர் ஆளுக்குச் சில நிமிடங்கள் என்று பார்த்து அனுப்பும் மருத்துவரிடம் போய், கடவுளைப் பற்றியும் விசாரியுங்கள் என்று எப்படிச் சொல்வது? அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் இந்த வேலை நம் தலையில் விழுகிறது. உற்றார், உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், பூசாரி, பங்குத்தந்தை, இமாம் என்று படுக்கையருகே போய் நிற்கும் ஒவ்வொருவர் தலையிலும்.

அடுத்த முறை நோயாளியைப் பார்க்கப் போகும்போது, "சாமி என்னைக் கைவிட்டுருச்சு" என்று அவர் சொன்னால், அப்படியெல்லாம் பேசக்கூடாது என்று வாயை அடைக்காதீர்கள். சாமியின் சார்பில் வாதாடாதீர்கள். எப்போதிலிருந்து அப்படித் தோன்றுகிறது என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள். அந்தப் பேச்சோடு உறக்கமும் பசியும் போயிருந்தால், வாழ்ந்து என்ன பயன் என்ற வார்த்தை ஒருமுறை வந்துவிட்டால்கூட, மறுநாளுக்குத் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கோயிலுக்குப் போக வேண்டும் என்று அவர் விரும்பினால் அங்கேயும் கூட்டிக்கொண்டு போங்கள்.